நிவாரணப் பணத்தின் நிபந்தனைகள்

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்த பிறகும், ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எதிராகப் பிரிட்டனும் அதன் கூட்டாளி நாடுகளும் விதித்திருந்த கடல் முற்றுகை உடனே விலக்கப்படவில்லை. உணவு வராமல் வியன்னாவின் குழந்தைகள் மெலிந்து மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தையின் படத்தை அச்சிட்ட துண்டறிக்கையை லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்ததற்காக எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி 1919இல் கைது செய்யப்பட்டார். தணிக்கை அனுமதி இல்லாமல் அச்சிட்டார் என்பது குற்றச்சாட்டு, 5 பவுண்டு அபராதம் என்பது தீர்ப்பு. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே வழக்கு முடிந்ததும் அந்த 5 பவுண்டைத் தன் கையிலிருந்து அவருக்குக் கொடுத்தார். அதே ஆண்டு தொடங்கப்பட்ட சேவ் தி சில்ட்ரன் நிதியத்துக்கு வந்த முதல் நன்கொடை அதுதான் என்று அந்த அமைப்பின் வரலாற்றில் சொல்வார்கள்.

ஆக்ஸ்பாமின் பிறப்பும் இதே போன்றது. 1942இல் நாஜிப் படைகள் பிடித்து வைத்திருந்த கிரேக்கத்தில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் முற்றுகையைத் தளர்த்தி உணவுக் கப்பல்களை விட வேண்டும் என்று கேட்பதற்காக ஆக்ஸ்போர்டு நகரத்தார் சிலர் கூடி அமைத்த குழு அது. நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ரா 1967 முதல் 1970 வரை முற்றுகையில் சிக்கிப் பட்டினி கிடந்தபோது, செஞ்சிலுவை அமைப்பின் கீழ் அங்கே பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர், பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியை ஏற்க முடியாமல் திரும்பினார்கள். அவர்களும் சில பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971 டிசம்பரில் பாரிஸில் தொடங்கியதுதான் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. இன்று உலகம் அறிந்த இந்த மூன்று அமைப்புகளும் ஏதோ ஓர் அரசின் முற்றுகைக்கு எதிராக எழுந்தவை, அவற்றில் இரண்டு தங்கள் சொந்த அரசின் கொள்கையையே எதிர்த்து எழுந்தவை. அப்படித் தோன்றிய துறை இன்று பெரும்பாலும் அரசுகளின் பணத்தில் நடக்கிறது. மனிதாபிமான அமைப்புகளால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியாமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அவற்றுக்கு வரும் தொகையின் அளவைக் காட்டிலும் அந்தத் தொகையோடு சேர்ந்து வரும் நிபந்தனைகளைப் பார்ப்பதே சரியான வழி என்பது என் எண்ணம்.

முதலில் பணி என்ன என்று பார்த்துவிடலாம். பேரிடரிலும் போரிலும் மக்களைக் காக்கும் முதற்பொறுப்பு அந்தந்த நாட்டு அரசுக்கே உரியது. 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182ஆம் தீர்மானம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த அரசால் முடியாதபோதும், அது மனம் வைக்காதபோதும், சில நேரங்களில் அந்த அரசே துன்பத்துக்குக் காரணமாக இருக்கும்போதும்தான் அரசு சாரா அமைப்புகளின் தேவை எழுகிறது. உணவு, குடிநீர், மருத்துவம், கூடாரம் ஆகியவற்றைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பணியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி. அங்கே இருப்பதும், நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இன்னொரு பகுதி. வன்னியிலிருந்து ஐ.நா. அமைப்புகளும் அரச சார்பற்ற நிறுவனங்களும் வெளியேற வேண்டும் என்று 2008 செப்டம்பரில் இலங்கை அரசு உத்தரவிட்டபோது, கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் திரண்ட மக்கள் எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். வெளியார் கண்கள் அங்கே இருக்கும்வரை தங்கள் உயிருக்கு ஒரு காப்பு உண்டு என்று அவர்கள் நம்பினார்கள். ஏறத்தாழ எல்லா அமைப்புகளும் வெளியேறின. தங்கியிருந்த சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2009 பிப்ரவரி முதல் மே மாதம்வரை, காயமடைந்த ஆயிரக்கணக்கானோரைக் கடல்வழியாகத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டு சேர்த்தது. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் உள்ளே நுழைய அனுமதி இல்லையென்றால் எந்த அமைப்பும் எதையும் செய்ய முடியாது. அந்த அனுமதியோ, இவர்கள் யாருடைய ஆட்கள் என்று துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த நினைப்பை உருவாக்குவதில் பணத்தின் மூலத்துக்கும் பங்கு உண்டு.

ஆண்டுதோறும் மனிதாபிமானப் பணிக்காக உலகில் திரளும் பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அரசுகளிடமிருந்து வருகிறது. அதிலும் அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் முதலான சிலரே பெரும்பகுதியைத் தந்துவந்தார்கள். 2024இல் ஐ.நா.வின் கணக்கில் பதிவான தொகையில் அமெரிக்காவின் பங்கு மட்டும் சுமார் 40 சதவீதம். இந்தப் பணம் நேரே களத்துக்குப் போவதில்லை. பெரும்பகுதி உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், அகதிகளுக்கான உயர் ஆணையம் போன்ற ஐ.நா. அமைப்புகளுக்குப் போகும். அவை தங்கள் நிர்வாகச் செலவுக்காக 6.5 முதல் 8 சதவீதம்வரை எடுத்துக்கொண்டு, வேலையைச் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கும். அந்த நிறுவனங்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, ஊருக்குள் போய் மூட்டை இறக்கும் வேலையை உள்ளூர் அமைப்பிடம் கொடுக்கும். ஒவ்வொரு படியிலும் ஓர் ஒப்பந்தம், ஒரு வரவு செலவுப் பட்டியல், காலாண்டு அறிக்கை, தணிக்கை.

அந்த ஒப்பந்தத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை, 5 வயதுக்குட்பட்ட இத்தனை குழந்தைகளுக்கு ஊட்டச்சத்துச் சிகிச்சை என்று அதில் எழுதியிருக்கும். திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மாவட்டத்தில் காலரா பரவினால், அந்தப் பணத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்கி அங்கே அனுப்ப முடியாது. அனுப்ப வேண்டுமானால் திருத்தம் கோரி எழுத வேண்டும், அந்தக் கடிதம் வந்த வழியே மேலேறித் தலைநகரத்துக்கும் அங்கிருந்து நன்கொடை நாட்டுக்கும் போய்த் திரும்ப வேண்டும். காலரா அதற்காகக் காத்திருப்பதில்லை. வரி கட்டும் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை அரசுகளுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் திருட்டைத் தடுக்க எழுதப்பட்ட விதிகளில் பல, தேவை இருக்கும் இடத்துக்குப் பணம் நகர்வதையும் சேர்த்துத் தடுக்கின்றன.

கொடுப்பவரின் சொந்த நலன் நிபந்தனையில் கலக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. இதற்குத் தமிழ்நாட்டுக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1961 முதல் சென்னை மாநிலத்தின் மதிய உணவுத் திட்டத்துக்கு அமெரிக்கப் பால் பவுடரும் மாவும் எண்ணெயும் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் வழியாக வந்தன. அந்தத் தானியத்தில் கிளறிய உப்புமாவைச் சாப்பிட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. பசித்த பிள்ளைகளுக்கு அது உணவு. அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த உணவு உதவிக்கு அடிப்படையான 1954ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், அந்நாட்டு விவசாயிகளிடம் தேங்கிக் கிடந்த உபரித் தானியத்தைத் தீர்ப்பதையும் நோக்கமாகக் கொண்டது. தானியத்தை அமெரிக்காவில் வாங்க வேண்டும், அதில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில் ஏற்ற வேண்டும் என்ற விதிகள் பல பத்தாண்டுகள் நீடித்தன. பிற்காலத்தில் தொண்டு நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதிலாகத் தானியமாகவே கொடுத்து, அதை ஏழை நாட்டின் சந்தையில் விற்று, கிடைக்கும் தொகையில் திட்டங்களை நடத்திக்கொள்ளச் சொல்லும் முறையும் வந்தது. மலிவான வெளிநாட்டுத் தானியம் சந்தையில் இறங்கினால் உள்ளூர் விவசாயியின் விளைபொருளுக்கு விலை கிடைக்காது. வறுமையை ஒழிக்கும் திட்டத்துக்கான பணம் வறுமையை உண்டாக்கும் வழியில் வந்துகொண்டிருந்தது. 2007இல் கேர் நிறுவனம் இந்த முறையைக் கைவிடப் போவதாக அறிவித்தது. அதற்காக அது விட்டுக்கொடுத்த தொகை ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி டாலர். அந்தப் பணத்தை நம்பித் திட்டங்களை நடத்தி, ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்துவந்த ஒரு நிறுவனம் இந்த முடிவை எடுத்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2001க்குப் பிறகு அரசியல் நிபந்தனைகள் கூடின. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், தொண்டு நிறுவனங்கள் தங்கள் படையின் வலிமையைப் பெருக்குபவை, தங்கள் போர் அணியின் முக்கியமான பகுதி என்று வெளிப்படையாகவே பேசினார். 2004இல் ஆப்கானிஸ்தானின் தெற்கே கூட்டுப்படைகள் வீசிய துண்டறிக்கைகள், நிவாரணம் தொடர்ந்து வர வேண்டுமானால் தாலிபான் பற்றிய தகவலைத் தாருங்கள் என்று மக்களிடம் கேட்டன. அந்த ஆண்டு ஜூன் மாதம் பாட்கிஸ் மாகாணத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஊழியர்கள் 5 பேர் கொல்லப்பட்டார்கள். 24 ஆண்டுகள் அந்த நாட்டில் பணியாற்றிய அமைப்பு அடுத்த மாதமே வெளியேறுவதாக அறிவித்தது, 2009இல்தான் திரும்பியது. கொலைக்குப் பொறுப்பு கொன்றவர்களுடையதே. ஆனால் ரொட்டியையும் உளவுத் தகவலையும் ஒரே துண்டறிக்கையில் எழுதியவர்கள், நிவாரண ஊழியர்கள் அனைவர் மீதும் சந்தேகம் விழச் செய்தார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டங்களின் தாக்கம் இதைவிடப் பரவலானது. தடை செய்யப்பட்ட இயக்கத்துக்குச் சர்வதேசச் சட்டத்தைப் பற்றிப் பயிற்சி கொடுப்பதும், ஐ.நா.விடம் முறையிடுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதும்கூட அந்த இயக்கத்துக்குப் பொருள் உதவி செய்ததாகவே கருதப்படலாம் என்று 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பேசப்பட்ட இயக்கங்கள் இரண்டு: குர்துகளின் பிகேகே, தமிழீழ விடுதலைப் புலிகள். அதே காலத்தில் சோமாலியாவின் தெற்குப் பகுதி, அமெரிக்கா தடை செய்திருந்த அல் ஷபாப் என்ற ஆயுத இயக்கத்தின் பிடியில் இருந்தது. அங்கே போகும் உணவில் ஒரு பகுதி அவர்கள் கைக்குப் போனால் சட்டம் தங்கள் மீது பாயும் என்று அமைப்புகள் அஞ்சின, அமெரிக்க உதவியும் கடுமையாகச் சுருங்கியது. வறட்சி வந்தது; 2011 ஜூலையில் ஐ.நா. பஞ்சத்தை அறிவித்தது. 2010 இறுதி முதல் 2012 தொடக்கம்வரை ஏறத்தாழ 2,60,000 பேர் மாண்டார்கள், அவர்களில் பாதிப்பேர் 5 வயதைத் தாண்டாத குழந்தைகள். அல் ஷபாப் பல அமைப்புகளை விரட்டியடித்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது, பணம் காத்திருந்து காத்திருந்து பஞ்சம் அறிவிக்கப்பட்ட பிறகே வந்தது. ஐ.நா. தடைகள் மனிதாபிமான உதவியைத் தடுக்கா என்று பாதுகாப்பு அவை பொதுவாக விலக்கு அளித்தது 2022 டிசம்பரில், 2664ஆம் தீர்மானத்தின் மூலம்தான்.

அரசுப் பணத்தை மறுப்பது முடியும் என்று காட்டிய அமைப்பு உண்டு. அகதிகளைத் திருப்பி அனுப்புவது தொடர்பாக ஐரோப்பிய ஒன்றியம் 2016 மார்ச்சில் துருக்கியோடு ஒப்பந்தம் செய்தபோது, அந்த ஒன்றியத்திடமிருந்தும் அதன் உறுப்பு நாடுகளிடமிருந்தும் இனிப் பணம் பெறப்போவதில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஜூன் மாதம் அறிவித்தது. முந்தைய ஆண்டு அவர்களிடமிருந்து அது பெற்றிருந்த தொகை 5.6 கோடி யூரோ. கடலில் தத்தளித்து வருபவர்களுக்குக் கரையில் சிகிச்சை அளித்துக்கொண்டே, அவர்களைத் துரத்துகிறவர்களிடம் கையேந்த முடியாது என்ற தெளிவு அந்த முடிவில் இருந்தது. அப்போதே அதன் வரவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனிமனிதர்களின் சிறு நன்கொடைகள் என்பதால் அப்படிச் சொல்லும் துணிவு வந்தது. அரசுப் பணத்தில் பாதிக்கு மேல் ஓடும் அமைப்பு ஒன்று மறுநாளே அதைச் சொன்னால் மருத்துவமனைகளை மூட வேண்டியிருக்கும். அதைக் கோழைத்தனம் என்று வெளியே இருந்து பழிப்பது நியாயமாகாது.

தனிமனிதர்களின் பணம் என்றாலே நல்லது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்த பிறகு உலகெங்கும் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அரசுகளும் பொதுமக்களும் அறிவித்த தொகை 1,300 கோடி டாலரைத் தாண்டியது. பின்னர் நடந்த கூட்டு மதிப்பீட்டின்படி, அது பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலர் என்ற கணக்கில் வந்தது. அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவிடப்பட்டது 3 டாலர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தைத் தேவை தீர்மானிக்கவில்லை, தொலைக்காட்சித் திரை தீர்மானித்தது.

அந்த வெள்ளமாகப் பாய்ந்த பணம் என்ன செய்தது என்பதை நாகப்பட்டினம் கண்டது. லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து மக்கின. கடற்கரை மக்கள் அவற்றைத் தொடவில்லை. அப்புறப்படுத்துவதே அரசு ஊழியர்களுக்குத் தனி வேலையாகிப் போனது. ஃபைபர் படகுகள் படம் எடுப்பதற்கும் பெயர் எழுதுவதற்கும் ஏற்றவை என்பதால், பல இடங்களில் இழந்ததைவிடக் கூடுதலான படகுகள் வந்து சேர்ந்தன. படகு இல்லாததால் இழப்புப் பட்டியலில் இடம்பெறாத கூலித் தொழிலாளர்களும், கூடை சுமந்து மீன் விற்ற பெண்களும், உப்புநீர் புகுந்த வயல்களில் வேலை இழந்த தலித் குடும்பங்களும் நீண்ட நாள் கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள். பலநூறு நிறுவனங்கள் ஒரே கரையில் இறங்கிய நிலையில், யார் எந்த ஊருக்கு என்ன செய்வது என்று ஒழுங்குபடுத்தத் தனி ஒருங்கிணைப்பு மையமே அங்கே தொடங்க வேண்டியிருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மட்டும் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே, ஆழிப்பேரலைக்கென்று இனிப் பணம் அனுப்ப வேண்டாம், எங்களால் செலவிடக்கூடியதைவிட அதிகம் வந்துவிட்டது என்று அறிவித்தது. வந்த பணத்தை வேறு இடங்களில் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடம் கேட்டது. மிகப் பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். பிற அமைப்புகள் அப்போது அதைக் கடிந்துகொண்டன, அதனால் மக்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சின. பார்வையாளனாக எனக்கு அந்த அறிவிப்பு இந்தத் துறையில் நடந்த நேர்மையான செயல்களுள் ஒன்றாகத் தோன்றுகிறது. பணம் அரசிடமிருந்து வந்ததா, மக்களிடமிருந்து வந்ததா என்பதற்கு அடுத்து, அது ஓர் இடத்தோடும் ஒரு பொருளோடும் கட்டிவைக்கப்பட்டதா, தேவை இருக்கும் திசையில் நகர விடப்பட்டதா என்பதையும் கேட்டாக வேண்டும்.

இந்த அமைப்பு முறை எவ்வளவு பலவீனமானது என்பது 2025இல் தெரிந்தது. ஜனவரி 20 அன்று பதவியேற்ற நாளிலேயே அமெரிக்க அதிபர் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். சில நாள்களில் உலகெங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவுகள் வந்தன. மார்ச்சில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து செய்யப்பட்டதாக வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். ஜூலை 1 அன்று அந்த நிறுவனமே மூடப்பட்டது. பிரிட்டனும் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாக 2027க்குள் குறைக்கப்போவதாகச் சொல்லிவிட்டது. ஐ.நா. தன் 4,400 கோடி டாலர் கோரிக்கையை ஜூன் மாதம் 2,900 கோடியாகச் சுருக்கிக்கொண்டது. தேவை குறைந்ததால் வந்த சுருக்கம் அல்ல அது.

பெரிய நிறுவனங்கள்கூட சில வாரங்களிலேயே ஆட்களை வேலையை விட்டு அனுப்பத் தொடங்கியது ஏன் என்று பலர் வியந்தார்கள். காரணம் பணம் வரும் முறையில் இருக்கிறது. அரசு ஒப்பந்தங்கள் பலவற்றில் நிறுவனம் முதலில் செலவு செய்து, ரசீது காட்டி, பிறகுதான் பணத்தைத் திரும்பப் பெறும். செய்து முடித்த வேலைக்கு வர வேண்டிய பாக்கியே சுமார் 200 கோடி டாலர் நின்றுபோய், வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அரசின் மனுவை 5-4 என்ற கணக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒப்பந்தப் பணத்தில் மிச்சம் பிடித்துச் சேமிப்பு வைக்க விதிகள் இடம் கொடுப்பதில்லை. நிர்வாகச் செலவு குறைவாக உள்ள நிறுவனமே நல்ல நிறுவனம் என்று பொதுமக்களும் நினைப்பதால், கணக்கர், கிடங்கு, வண்டிப் பராமரிப்பு, ஆறு மாதச் சம்பளத்துக்கான வைப்பு ஆகிய அனைத்தும் வீண்செலவாகப் பார்க்கப்பட்டு வந்தன. பல ஆண்டுகள் அப்படி வறண்டு மெலிந்த நிறுவனங்கள் முதல் அதிர்ச்சியிலேயே விழுந்தன.

நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்ற இந்த எண்ணம் இந்தியாவில் சட்டமாகவே இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடையை நெறிப்படுத்தும் சட்டத்தில் 2020 செப்டம்பரில் கொண்டுவந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. எந்த ஊரில் இயங்கினாலும் பணம் புதுடெல்லியில் ஒரு குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகத்தான் வர வேண்டும் என்றது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தடை செய்தது. கடைசி விதிதான் சிறியவர்களை அதிகம் பாதித்தது. வெளிநாட்டுக் கொடையாளருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாத, ஆனால் தன் வட்டாரத்தின் ஒவ்வொரு குடியிருப்பையும் அறிந்த சிறு அமைப்புகள், பெரிய நிறுவனங்கள் பகிர்ந்து கொடுத்த தொகையில்தான் நின்றுகொண்டிருந்தன.

உலக அளவிலும் உள்ளூர் அமைப்புகளின் கதை இதுதான். 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில் பெரிய கொடை நாடுகளும் அமைப்புகளும், 2020க்குள் மனிதாபிமானப் பணத்தில் 25 சதவீதத்தை இயன்றவரை நேரடியாக உள்நாட்டு, உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவதாக உறுதியளித்தன. நேரடியாகச் சென்ற பங்கு சில சதவீதத்தைத் தாண்டவே இல்லை. உள்ளூர் அமைப்புகளிடம் கணக்கு வைக்கும் திறன் போதாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கணக்கரை வைத்துக்கொள்ளும் செலவை ஒப்பந்தத்தில் அனுமதிக்காதவர்களே அந்தக் காரணத்தையும் சொல்கிறார்கள்.

சூடானில் 2023 ஏப்ரலில் போர் வெடித்து வெளிநாட்டு அமைப்புகள் கார்ட்டூமை விட்டு வெளியேறியபோது, தெருத்தெருவாக இளைஞர்களும் பெண்களும் அவசர உதவி அறைகள் என்ற பெயரில் குழுக்களை அமைத்தார்கள். ஊர்கூடி வேலை செய்யும் அந்நாட்டின் பழைய வழக்கத்தின் நீட்சி அது. பொதுச் சமையலறை நடத்தினார்கள், மருந்து தேடினார்கள், காயமடைந்தவர்களை வெளியேற்றினார்கள். வெளிநாடுகளில் வாழும் சூடானியர்கள் கைப்பேசி வங்கிச் செயலி வழியாக அனுப்பிய பணம் அன்றைக்கே பருப்பும் எண்ணெயுமாக மாறியது. பின்னர் யுஎஸ்எய்ட் பணமும் சர்வதேச அமைப்புகள் வழியாக அவர்களை எட்டத் தொடங்கியிருந்த நிலையில், 2025இன் நிறுத்த ஆணையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையலறைகள் சில வாரங்களில் மூடப்பட்டன. அவற்றை மீண்டும் திறக்க முன்வந்த கொடையாளர்களில் பலருக்கு இன்னும் ஒரு தடை இருக்கிறது: இந்தக் குழுக்கள் எந்த அரசிடமும் பதிவு செய்யப்பட்டவை அல்ல. பதிவு செய்ய வேண்டுமானால் போரிடும் இரு தரப்பில் ஒன்றிடம்தான் போய் நிற்க வேண்டும், அப்படி நின்றால் மறுதரப்பு அவர்களை எதிரியின் ஆட்களாகக் கருதும். குண்டு விழும் சந்தையில் வாங்கிய வெங்காயத்துக்கு அச்சிட்ட ரசீதும் கிடைப்பதில்லை. சில கொடையாளர்கள் ரசீதுக்குப் பதிலாகப் படங்களையும், தெருவாசிகள் கூடிச் சரிபார்த்த பட்டியலையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் சட்டப்பிரிவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறார்கள்.